முள்ளை இறக்கிய மூவர்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் பேச்சிமுத்து. அவன் தம்பிகள் சங்கிலியும் ஆவுடையப்பனும் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை நான் மறக்கிறவன் இல்லை.

அன்று என் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தியை ரயிலடியிலிருந்து என் பழைய காரில் அழைத்து வர வேண்டும். எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரில் முள் அசையவே இல்லை. வழியில் மானம் போகக் கூடாதே என்று இந்த மூன்று மேதைகளின் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த யாகப்பன், மாமியார் ஊரிலிருந்து போனில் சொன்னார்: "எஞ்சினை ஆறவிடு. சென்சார் ஒயரைக் கழட்டி எஞ்சின் இரும்புல தொடு. சாவியைப் போடு. முள்ளு உச்சிக்கு ஏறுனா ஒயரும் மீட்டரும் நல்லாருக்கு. சென்சாரை மட்டும் மாத்து."

ராத்திரி முழுக்க நின்ற வண்டி அது. ஆற வேண்டுமானால் முதலில் சூடாக வேண்டுமே! ஊரை ஒரு சுற்றுச் சுற்றிச் சூடாக்கி, பிறகு மூவரும் உட்கார்ந்து விசிறினார்கள்.

ஆறியதும் ஒயரை இரும்பில் தொட்டுச் சாவியைப் போட்டார்கள். முள் உச்சிக்குப் போனது.

"அண்ணாச்சி, தள்ளி நில்லுங்க! எஞ்சின் கொதிக்குது!"

தொட்டுப் பார்த்தேன். "ஏலே, ஜில்லுன்னுல்லா இருக்கு?"

"கை பொய் சொல்லும். மீட்டர் சொல்லாது" என்றான் பேச்சிமுத்து. சங்கிலி ஓடிவந்து என் கையில் தீக்காய மருந்து தடவினான்.

ஆவுடையப்பனுக்கு ஒரு சந்தேகம். "முள்ளு ஏறுனா நல்லதுன்னுதானே சொன்னாரு?"

"ஒயருக்கு நல்லதுன்னாரு. எஞ்சினுக்கு நல்லதுன்னாரா?" என்றான் பேச்சிமுத்து.



நான் புதுவேட்டி கட்டி வருவதற்குள் முள் அடியில் கிடந்தது. ஒயர் தனியாகத் தொங்கியது.

"எப்படிலே இறக்குனீங்க?"

"ஒயரைப் பிரிச்சோம், இறங்கிட்டு. இது இரும்புலயும் படாம, சென்சார்லயும் படாம இருந்தா எஞ்சின் ஜென்மத்துக்கும் சூடாகாது அண்ணாச்சி!"

பிற்பாடு எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ரேடியேட்டர் தண்ணீரையும் 'கொதிச்ச தண்ணி' என்று திறந்து கொட்டியிருக்கிறார்கள். பதிலுக்கு மீன்கடை ஐஸ். ஐஸ்கட்டி ரேடியேட்டர் வாய்க்குள் போகாததால் எஞ்சின் மேலேயே வைத்து அழகு பார்த்திருக்கிறார்கள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் ஏறி உட்கார்ந்தேன். பேச்சிமுத்து ஓட்டினான், தம்பிகள் காவலுக்கு. ரயில்வே கேட் தாண்டியதும் பானட் இடுக்கில் ஆவி பறந்தது.

"அணைலே வண்டிய!" என்று கத்தினேன்.

ஓரங்கட்டினான். அணைக்கவில்லை. மூவரும் முள்ளைப் பார்த்தார்கள். அது அடியிலேயே கிடந்தது.

"குளிர்லயே கிடக்கு பாரு" என்றான் சங்கிலி.

"ஐஸ் ஒத்துக்கல. சளி பிடிச்சிட்டு" என்றான் பேச்சிமுத்து.

"அதான் ஆவி பிடிக்குது, பாவம்" என்றான் ஆவுடையப்பன்.

நிச்சயத்துக்கு விரிக்க நான் டிக்கியில் வைத்திருந்த ஜமுக்காளத்தை எடுத்து, ஓடுகிற எஞ்சினை இழுத்துப் போர்த்தினார்கள். நன்றாக வேர்க்க வேண்டுமாம். எஞ்சின் முனகியது, இரண்டு தடவை உதறியது, நின்றது.

சம்பந்தி தக்காளி லாரியில் வந்து இறங்கினார். நிச்சயம் நடந்தது. அவர் என்னோடு பேசுவது மட்டும் இன்றுவரை நடக்கவில்லை.

எஞ்சினுக்கு என்னடா பதில் என்று ஒவ்வொரு வாரமும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கேட்கிறேன். ஜமுக்காளத்தைச் சரிசெய்துகொண்டே பேச்சிமுத்து உதட்டில் விரல் வைக்கிறான்.

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. இப்பதான் நல்லாத் தூங்குது. எந்திரிச்சதும் ஓட்டிட்டுப் போங்க."