மயில்விரட்டிக்கு ஓர் எருமை

பக்கத்து வீட்டுக் குழம்பு வந்த கிண்ணத்தை நீங்கள் வெறுமனே திருப்பிக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள் இல்லையா? நாலு முறுக்காவது போட்டுத்தான் கொடுப்பீர்கள். ஏழுகல்வலசுக்காரர்களும் அப்படித்தான். அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

அந்த ஊரில் நாச்சிமுத்து, சென்னியப்பன், பாக்கியம் என்று மூன்று பேர். வேலை ஒழிந்த நேரத்தில் எதையாவது கழற்றி மாட்டுவதுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. மாட்டிய பிறகு மிஞ்சும் திருகாணிகளை ஒரு சொம்பில் போட்டு வைப்பார்கள். சொம்பு நிறைந்தால் வேலை நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

பாக்கியத்தின் தோட்டத்தில் விதைத்த கடலையை மயில்கள் கிளறித் தின்றுவிட்டன. மாமியார் நஞ்சம்மாள் மீதமிருந்த ஒரே மூட்டையைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதையும் மயிலுக்குப் போட்டீன்னா, அப்பறம் நீயேதான் வெயில்ல நின்னு வெரட்டோணும்."

விதைத்த கையோடு மூவரும் கைப்பேசியில் தேடினார்கள். கைவேலைக்காரர்கள் தங்கள் செய்முறைகளை ஊருலகத்துக்கெல்லாம் சும்மா போட்டு வைக்கும் ஒரு தளம் அகப்பட்டது. அதில் எங்கோ சீமையிலிருந்து ஒருவர் பறவைவிரட்டி போட்டிருந்தார். காற்றில் விசிறி சுற்றும். விசிறி சுற்றினால் கரண்டி தகரத்தைத் தட்டும். கீழே, 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். படத்தில் உள்ளபடியே செய்யவும்' என்று இருந்தது.

"சும்மா எதுக்குக் குடுக்கறாரு?" என்றாள் பாக்கியம்.

"வீட்டுல வெக்க எடமில்லாம இருக்கும்," என்றான் சென்னியப்பன்.

நாச்சிமுத்து தலையை ஆட்டினான். "இல்ல அம்மிணி. அவருக்கு நல்ல மனசு. ஆனா இப்ப நாம எடுத்துட்டமே, அவரு என்ன பண்ணுவாரு?"

மூவரும் கலங்கிப் போனார்கள். சீமையில் ஒரு மனுசன் காக்காயை விரட்ட வழியில்லாமல் நிற்பது கண்முன் வந்தது. சீக்கிரம் செய்து பார்த்துவிட்டு அவர் பொருளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவானது.

படத்தில் இருந்தவருக்கு மொட்டைத் தலை. சென்னியப்பன் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தான். அவர் கட்டைவிரலில் துணிக்கட்டு. சும்மா கட்டினால் பொய்யாகிவிடும் என்று நாச்சிமுத்து சுத்தியலால் விரலில் ஒரு போடு போட்டுக்கொண்டு கட்டினான். மேசையில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. பாக்கியம் ஒரு பூனையைப் பிடித்து வந்து தாலாட்டினாள். சென்னியப்பன் தூங்கினான், பூனை தூங்கவில்லை. கடைசியில் அந்தத் தளத்தின் விதிமுறைகளைப் பூனைக்குப் படித்துக் காட்டினாள். முதல் பக்கத்திலேயே குறட்டை வந்தது.

விரட்டியை மாட்டித் தோட்டத்தில் நட்டார்கள். காற்று அடித்தது. தகரம் கடகடவென்று அலறியது. மயில்கள் பக்கத்து ஊருக்கே போய்விட்டன.

"அப்பத் திருப்பிக் குடுத்தரலாம்," என்றான் நாச்சிமுத்து.

"வெறுமனேவா? நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?" என்றாள் பாக்கியம்.

"முறுக்கு வெக்கலாமா?"

"கைப்பேசிக்குள்ள நொழைக்கறப்ப ஒடஞ்சு போயிரும்ண்ணா."

பாக்கியம் யோசித்துவிட்டு, எருமையின் கழுத்து மணியைக் கழற்றி விசிறியில் கட்டினாள். மணி போன இடத்துக்கு எருமையும் வந்து நின்றது. மூன்று பேர் தள்ளியும் அசையவில்லை. சரி, இருக்கட்டும் என்று அதோடு சேர்த்தே படம் எடுத்து, 'படத்தில் உள்ளபடியே செய்யவும்' என்று எழுதித் தளத்தில் ஏற்றினார்கள்.

"குடுத்தாச்சு. இனி இது நம்முது இல்ல," என்று நாச்சிமுத்து அதைக் கழற்றி ஓரமாக வைத்தான். சொம்பில் ஐந்தாறு திருகாணி கூடியது.

மயில்கள் சொந்தபந்தத்தோடு திரும்பி வந்தன. பாக்கியம் தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்தாள். "ஒரு ஓரம் போயிருச்சு. அத்தை பாத்தா என் தோலை உரிச்சிரும். மாட்டுங்கண்ணா அதை."

"அடுத்தவங்க பொருளை வெச்சு நம்ம கடலையக் காப்பாத்தறது ஞாயமா அம்மிணி?"

"அப்ப மயிலு திங்கறது மட்டும் ஞாயமா?"

சென்னியப்பன் மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் ஞாயம் இருக்கிறது என்றான்.

அப்போது கைப்பேசி சிணுங்கியது. வேறொரு சீமைக்காரர் இவர்களுடையதைப் பார்த்து அதேபோலச் செய்து, தன் படத்தைப் போட்டிருந்தார்.

"திரும்பி வந்துருச்சு!" என்று நாச்சிமுத்து ஓடினான். மூச்சுவிடும் நேரத்தில் மாட்டிவிட்டார்கள். தகரம் அலறியது, மணி அடித்தது, மயில்கள் பறந்தன. மிச்சக் கடலை பிழைத்தது.

அதன் பிறகுதான் பாக்கியம் அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைக் கைப்பேசியைத் தமிழாக்கச் சொல்லிப் படித்தாள்: 'மிக்க நன்றி. கருவி அருமையாக ஓடுகிறது. எங்கள் ஊரில் எருமை கிடையாது. அதனால் என் மாமியாருக்குக் கறுப்புக் கம்பளி போர்த்தி நிறுத்தியிருக்கிறேன். கால் வலிக்கிறது என்கிறார். உட்காரலாமா என்று உங்கள் எருமையைக் கேட்டுச் சொல்லவும்.'

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, வெறுமனே அனுப்பல. மாமியாரையும் வெச்சு அனுப்பியிருக்காரு."

"இந்தப் படத்துல எருமை இல்லையே," என்றான் சென்னியப்பன். "படத்துல உள்ளபடிதானே நாமளும் செய்யோணும்?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பாக்கியம் வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்த கறுப்புக் கம்பளியை எடுத்து உதறினாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த நஞ்சம்மாளின் முன்னால் போய்ப் பணிவாக நின்றாள்.

"அத்தை, கோவிச்சுக்காம இதைப் போத்திக்கிட்டுத் தோட்டத்துல வந்து கொஞ்சம் நில்லுங்க. உக்காரலாமான்னு எருமையைக் கேக்க சென்னியப்பண்ணன் போயிருக்குது."