கையெழுத்துக்கு முன்

வெள்ளத்தாய் ஊராட்சித் தலைவியாக ஜெயித்தபோது கீழத்தெருவில் மேளம் வைத்தார்கள். குடிநீர் கேட்டுக் காலிக்குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தவள், கலெக்டர் வரைக்கும் போய்ப் பேசியவள். பேச்சில் அவளை மடக்க ஆள் கிடையாது. அவளை மடக்கியது எழுத்துதான்.

முதல் கிராம சபையில் தீர்மானத் தாளை அவள் கையில் கொடுத்தார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி அதைச் செயலர் பால்ராசுவிடம் தள்ளிவிட்டாள். அடுத்த சபையில், கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன் என்றாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. அதற்கப்புறம் பால்ராசு கேட்பதையே விட்டுவிட்டார். அவரே வாசித்தார். முடித்ததும், இங்கே ஒரு கையெழுத்து தலைவரம்மா என்று விரல் வைத்துக் காட்டுவார். அவள் போடுவாள்.

பால்ராசு மோசமானவர் இல்லை. ஆனால் ஒருநாள் அவசரத்தில் வாசிக்காமலே விரலை வைத்தார். அவளும் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எதில் போட்டோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். படிப்பு ஏறாத பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தா டீச்சரை, ஊர்ப் பள்ளிக்கூடத்து முகாமில் பார்த்த ஞாபகம். தன்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அவள் முன்னால் போய் உட்கார்ந்து, சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு எழுத்து கூடிவரவில்லை என்று ஆரம்பித்தாள்.

"பிள்ளைக்கு என்ன வயசுக்கா?"

வெள்ளத்தாய் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"நாப்பத்தி நாலு."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

சோதனை மத்தியானம் வரை நீண்டது. ஜெசிந்தா ஒரு கதையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டாள். வெள்ளத்தாய் ஒன்றுவிடாமல் சொன்னாள். பழகிய வார்த்தைகளை வாசிக்கச் சொன்னாள். வெள்ளத்தாய் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்து ஒப்பேற்றினாள். பிறகு ஜெசிந்தா அர்த்தமே இல்லாத வார்த்தைகளை நீட்டினாள். அவற்றை ஊகிக்க வழியில்லை. கொம்பும் காலும் இடம் மாறின. ஒரு வார்த்தையைக் கடப்பதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது.

இதற்கு டிஸ்லெக்சியா என்று பேர், கூடப் பிறந்தது, புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஜெசிந்தா சொன்னாள். வெள்ளத்தாய் அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். மண்டு என்று பெஞ்சு மேல் நிறுத்தப்பட்டவள் அவள். இரண்டாம் தரமும் முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, எப்ப ஆரம்பிக்கலாம் டீச்சர்?" என்றாள்.

வாராவாரம் வந்தாள். ஒலியைப் பிரித்துச் சேர்ப்பதிலிருந்து தொடங்கினாள். வரிக்கு அடியில் அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாக வாசித்தாள். பஸ்ஸில் கடைப் பலகைகளை முணுமுணுத்துக்கொண்டே போனாள். தீர்மானங்களைப் பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு, முன்கூட்டியே தரவேண்டும் என்று ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தபடி பால்ராசுவிடம் கேட்டு வாங்கினாள்.

ஒவ்வொரு வாரமும் கிளம்பும்போது ஒரே கேள்விதான். மற்றவர்களைப் போலக் கடகடவென்று எப்போது வாசிப்பேன்? ஜெசிந்தா அடுத்த வாரத்துப் பாடத்தை எடுத்துக் கொடுப்பாள்.

அடுத்த கிராம சபை நெருங்கியது. அந்த வாரம் வெள்ளத்தாய் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். தாளை எடுத்துப் பிடித்து, நிற்காமல், திக்காமல் எல்லாத் தீர்மானங்களையும் சொல்லி முடித்தாள். மகளை வாசிக்கச் சொல்லிப் போனில் பதிந்து, கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் தப்பித்தாள்.

ஜெசிந்தா நல்லது என்றாள். தாளை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் திரும்ப அடித்து, புதிதாக ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தாள். இன்னொரு தரம் கேட்கிறேன் என்றாள். வெள்ளத்தாய் அதையும் கடகடவென்று முடித்தாள்.

ஜெசிந்தா பேனாவை நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்கக்கா."

பேனா தாளைத் தொடும் நேரம் வெள்ளத்தாயின் கை நின்றது. டீச்சர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேனாவை வைத்துவிட்டு அட்டையை எடுத்தாள். முதல் வரியிலிருந்து எழுத்து எழுத்தாக இறங்கினாள். வெகுநேரம் கழித்து ஓரிடத்தில் விரல் நின்றது. கீழத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் என்று அவள் ஒப்பித்த இடத்தில், டீச்சர் அடித்த புதுப் பிரதியில் மேலத்தெரு என்று இருந்தது.

அவள் அன்றைக்கு வழக்கமான கேள்வியைக்கூடக் கேட்காமல் கிளம்பிப் போனாள்.

கிராம சபையில் பால்ராசு வழக்கம்போலத் தாளுக்காகக் கையை நீட்டினார். வெள்ளத்தாய் கொடுக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"எனக்கு எழுத்து மெதுவாத்தான் வரும். பிறவியிலயே அப்படி. இத்தனை நாளா மறைச்சிட்டேன். இனிமே நான்தான் வாசிப்பேன். பொறுத்துக் கேக்கிறவங்க கேளுங்க."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவள் அட்டையை வரிக்கு அடியில் வைத்தாள். தடுமாறிய இடத்தில் திரும்பி வந்து மறுபடி வாசித்தாள். சிலர் எழுந்து போனார்கள். டீ வந்து ஆறிப்போனது. குழாய்த் தீர்மானம் வந்தபோது ஒரு பெண், அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வெள்ளத்தாய் வாசித்தாள். கீழத்தெரு என்றுதான் இருந்தது.

அந்த வாரம் ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டத்தில் பாதி கலைந்துவிட்டதையும் சொன்னாள். பால்ராசு வாசித்திருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும் என்றாள். அந்தப் பழைய கேள்வியையும் கேட்டாள்.

"நான் எப்ப டீச்சர் அவரு வேகத்துக்கு வாசிப்பேன்?"

"கையெழுத்து எப்பப் போட்டீங்க?"

"முழுசா வாசிச்சு முடிச்சப்புறந்தான்."

"அப்ப அதுதான்க்கா வேகம்," என்றாள் ஜெசிந்தா.