கெண்டையம்மாவின் கடைவாய்ப்பல்

கருமடு என்ற ஆற்று மடுவில் ஒரு நீர்நாய் இருந்தாள். பெயர் கெண்டையம்மா. நண்டு உடைப்பதில் அவளை மிஞ்ச அந்தக் காட்டிலேயே ஆள் கிடையாது. வாயில் போட்டு ஒரே கடி. ஓடு வேறு, சதை வேறு. நண்டு கிடைக்காத நாளிலாவது சும்மா இருப்பாளா? பந்தயம் கட்டிக் கூழாங்கல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

கடித்துக் கடித்தே கடைவாய்ப் பற்கள் தேய்ந்து மழுங்கிப் போயின. ஒருநாள் காலையில் நண்டைக் கடித்தாள். நண்டு உடையவில்லை. வாய்க்குள் இருந்தபடியே காலை ஆட்டியது. பல் கூசிய கூச்சத்தில் கெண்டையம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கரையில் அவளுடைய குட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தன. நண்டு ஓட்டை உடைக்கிற வயது அவற்றுக்கு இன்னும் வரவில்லை. கோடையில் மடுவில் மீன் இருக்காது. நண்டை விட்டால் வேறு சாப்பாடு கிடையாது.

"அம்மா, பசிக்குது" என்றது மூத்தது.

"இருடா. இன்னிக்கு நண்டு கொஞ்சம் முரண்டு பிடிக்குது" என்று சமாளித்தாள். தன் பல் போனால் பிள்ளைகள் பட்டினி என்பது அவளுக்குத் தெரியும்.

நேராகப் பெருச்சாளி வைத்தியர் வளையப்பரிடம் போனாள். மடுக்கரை மருத மரத்தின் வேரடியில் அவருடைய வளை. வாசலில் ஒரு மணற்கல், பக்கத்தில் நத்தை ஓட்டுக் குவியல். கெண்டையம்மாவின் வாய்க்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தார்.

"தேய்மானம். அடிவரைக்கும் ராவி எடுத்துட்டு, மேல நத்தை ஓட்டைக் கவிழ்த்துடலாம்."

"மிச்சம் இருக்கறதையுமா ராவணும்?"

"பல்லுதானேம்மா, என்னத்துக்குக் கவலைப்படறே? இங்க பாரு." மணற்கல்லில் தன் முன்பல்லைக் கரகரவென்று தேய்த்துக் காட்டினார். "நான் தினமும் ராவறேன். கொஞ்ச நாள் விட்டேன்னா இது வளர்ந்து மூக்கில முட்டும்."

வளையப்பர் பொய் சொல்லும் ஆள் இல்லை. பொய்யராக இருந்தால் முழியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இவர் உண்மையைச் சொன்னார், ஆனால் தன்னுடைய உண்மையை. அதுதான் வம்பு.

தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியது பாறையன் முதலை. "வைத்தியர் சொன்னா சொன்னதுதான் கெண்டையம்மா. போன மழையில எனக்கு நாலஞ்சைப் பிடுங்கினார். வலி மறக்கறதுக்குள்ள புதுசு வந்து நிக்குது" என்று வாயை அகலத் திறந்து காட்டியது.

இரண்டு பெரிய மனிதர்கள் இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது என்ன செய்வது? கெண்டையம்மா கண்ணை இறுக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள். வளையப்பர் மணற்கல்லைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்து ஊளையாண்டி நரி வந்து சேர்ந்தான்.

"வைத்தியரே, நீங்க என் பல்லையெல்லாம் எடுத்து ரெண்டு மழை போயாச்சு. எப்பத்தான் முளைக்கும்?"

"முளைக்கும், முளைக்கும். உனக்குப் பொறுமை போதாது" என்றார் வளையப்பர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

முயலை ஓடவிட்டுப் பிடித்தவன் ஊளையாண்டி. இப்போது மர நிழலில் உட்கார்ந்து, விழுந்து கிடந்த அத்திப்பழத்தை ஈறால் சப்பிக்கொண்டிருந்தான்.

கெண்டையம்மா பெருச்சாளியைப் பார்த்தாள். முதலையைப் பார்த்தாள். கடைசியில் நரியைப் பார்த்தாள். பெருச்சாளிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். முதலைக்கு விழ விழ முளைக்கும். நரிக்கும் நீர்நாய்க்கும் குட்டியில் ஒருதரம் விழுந்து முளைப்பதோடு சரி. சட்டென்று வாயை மூடினாள்.

"வைத்தியரே, பிள்ளைங்களை வெயில்ல விட்டுட்டு வந்துட்டேன். நிழல்ல போட்டுட்டு வந்துடறேன்." சொல்லி முடிப்பதற்குள் தண்ணீரில் குதித்திருந்தாள்.

தப்பித்தாயிற்று. ஆனால் பசிக்கு என்ன வழி? யோசித்தபடி குட்டிகள் இருந்த கரையில் ஏறி, அங்கே நின்ற இன்னொரு மருத மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பொந்தில் கொசு அளவே உள்ள, கொட்டாத கொசுத்தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. மெழுகும் மரப்பிசினும் குழைத்துப் பூசிய வாசல். போன வருஷம் தேன் திருடப் போனபோது அதில் அவள் நகமே மழுங்கியது.

அவள் மரத்தில் கால் வைத்ததும் மூத்த தேனீ பிசினி பறந்து வந்தாள். "மறுபடியும் திருட்டா?"

"இல்லக்கா. உங்க வாசல்ல பூசற பூச்சை என் பல்லுல பூசணும்."

"உன் வாய்க்குள்ள நாங்க வரணுமா? எங்க தேனை நக்கின வாய்க்குள்ளயா?"

"மூடாம இருக்கக் குறுக்கே குச்சி வெச்சுக்கறேன். பிள்ளைங்க பசியில கிடக்குதுக்கா. இனிமே கூட்டுப் பக்கமே வரமாட்டேன், சத்தியம்."

பிசினிக்கு மனம் இளகியது. ஆனாலும் குச்சியை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள்.

தேனீக்கள் பல்லில் ஒரு துகளைக்கூட ராவவில்லை. முதலில் சிறகை வீசிப் பல்லை உலர்த்தின. பிறகு தேய்ந்த இடத்தில் மட்டும் மெல்ல மெல்லப் பூசி உயர்த்தின. நாக்கில் கால் பட்டுக் கூச்சம் தாங்கவில்லை. சிரித்தால் குச்சி விழுந்துவிடும். பாவம், வாலைச் சுருட்டி நீட்டிச் சமாளித்தாள்.

பூச்சு காய்ந்தது. வாயை மூடப் பார்த்தாள், மூடவில்லை. பிசினி உற்சாகத்தில் கொஞ்சம் உயரமாகக் கட்டிவிட்டாள்.

"அம்மா கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கு" என்று குட்டிகள் உருண்டு சிரித்தன.

"போச்சு, கெட்டுப்போச்சு" என்று அழ ஆரம்பித்தாள் கெண்டையம்மா.

"என்ன கெட்டுச்சு இப்போ? நகத்தால நெம்பு" என்றாள் பிசினி.

நெம்பினாள். பூச்சு முழுசாகக் கழன்று வந்தது. அடியில் அவளுடைய பல், தேய்ந்த பல்தான், ஆனால் துளியும் குறையாமல் அப்படியே இருந்தது.

"பார்த்தியா? சரியில்லைன்னா எடுத்துட்டு வேற மாதிரி பூசிக்கலாம். உன் பல்லு உன்கிட்டயே இருக்கு."

இந்தத் தடவை தாழ்வாகப் பூசினார்கள். வாய் மூடியது. கெண்டையம்மா தண்ணீருக்குள் பாய்ந்து ஒரு நண்டோடு வந்தாள். கடித்தாள். மடக்!

குட்டிகள் வயிறு முட்டத் தின்றன. அடுத்த நண்டின் சதையை அவளே ஊளையாண்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பூச்சை ஒட்டுவதற்கு அடியில் பல் என்று ஒன்று வேண்டுமே, அவனுக்கு அதுவும் இல்லை. அந்த நரியை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சேதி கேட்டு வளையப்பர் மணற்கல்லைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். "இதெல்லாம் ஒட்டு வேலை. மழை வந்தா பெயர்ந்துடும்."

"பெயர்ந்தா மறுபடி ஒட்டிக்கறேன் வைத்தியரே."

"அடியோட ராவிட்டா நிரந்தரமா ஒரு வழி பிறக்கும்."

"சரி, ராவிடுங்க" என்று கெண்டையம்மா பவ்வியமாகத் தலையாட்டினாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க வால் நுனி வெளுத்துப்போய் நல்லாவே இல்லை. அதை அடியோட கடிச்சு எடுத்துடறேன்."

"வாலையா?"

"வால்தானே, என்னத்துக்குக் கவலைப்படறீங்க? இதோ பல்லி அண்ணனைக் கேளுங்க."

மரத்தில் ஒட்டியிருந்த பல்லி தன் புது வாலை ஆட்டியது. "பயப்படாதீங்க வைத்தியரே. எனக்கு எத்தனை தடவை போயிருக்கு. வலி மறக்கறதுக்குள்ள முளைச்சுடும்."

வளையப்பர் வாலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். "அடப்பாவிகளா, பல்லிக்கு முளைக்கும். எனக்கு முளைக்குமா?"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே ஊளையாண்டி நண்டுச் சதையை ஈறால் சப்பிக்கொண்டிருந்தான். வளையப்பர் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு மணற்கல்லை இழுத்துக்கொண்டு வளைக்குள் போனார். அதற்குப் பிறகு அந்தக் கல்லில் அவர் தன் பல்லைத் தவிர வேறு யார் பல்லையும் ராவியதில்லை.

போனால் நமக்குத் திரும்பி வராத ஒன்றை, அது தனக்குத் திரும்பி வருகிறவரின் பேச்சைக் கேட்டு இழந்துவிடக் கூடாது.