மூச்சு விடும் வண்டி

“வண்டி மூச்சு விடுது, மேஸ்திரி.”

பாக்கியத்தாய் தலையைத் தூக்கவில்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எஞ்சின் ஓடும்போதா?”

“நிறுத்துன பொறவு.”

இப்போதுதான் நிமிர்ந்தாள்.

சொன்னவர் லிங்கத்துரை. அவளுடைய சிஷ்யர். அவள் வயசில் அவருக்கு ஒரு மகள் உண்டு. செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் அவள் ஒர்க்‌ஷாப்புக்கு மாசி மாதம் ஒரு பழைய மஞ்சள் டர்ட் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“எனக்கு வேலை கத்துக்கொடுங்க. இந்த வண்டியில வேற யார் கையும் படக் கூடாது.”

“மீசை நரைச்சவருக்கு வந்த ஆசையைப் பாரு!” என்று சிரித்தாள். சேர்த்துக்கொண்டாள்.

வண்டி அவர் மகன் சுயம்புவுடையது. ஒரு ஆடி மாதம், காற்று மணலை வாரி இறைத்த சாயங்காலம், தேரிக்குள் ஓட்டிப் போனான். தேடிப் போனபோது வண்டி மணல்மேட்டில் சாய்ந்தபடி உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவன் கிடந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மூக்கிலும் வாயிலும் சிவப்பு மணல்.

வண்டியை லிங்கத்துரைதான் நிறுத்தினார். நிறுத்திய பிறகும் ஏதோ மூச்சு விட்டது. அன்று முதல் கேட்கிறார்.

“எப்படி விடுது?” என்றாள் பாக்கியத்தாய்.

“சளி பிடிச்ச பிள்ளை மாதிரி. இழுத்து இழுத்து.”

“பயமா இல்லையா அண்ணாச்சி?”

“என் பிள்ளைக்கு நான் பயப்படவா? தினம் சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணி, நிறுத்திட்டு, காதை வெச்சுக் கேப்பேன்.”

“அப்போ என்ன குறை?”

“சத்தம் குறைஞ்சுக்கிட்டே வருது. வண்டியும் கரும்புகையா கக்குது. நேத்து ஏத்தத்துல நின்னே போச்சு. இது போச்சுன்னா எனக்கு அவன் இல்ல, மேஸ்திரி.”

“ஏர் ஃபில்டரைக் கழட்டுனீங்களா?”

லிங்கத்துரை வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கையால் மறைத்தார்.

“ஊர் வண்டி ஃபில்டரெல்லாம் கழுவுதீங்க. இதை மட்டும் தொடல. ஏன்?”

“அவன் கடைசியா ஓட்டுனப்போ இழுத்த காத்து அதுலதான் இருக்கு.”

“காத்தை வடிகட்டுற ஸ்பாஞ்சு இத்துப்போச்சுன்னா தூளை எஞ்சின் முழுங்கும். பிஸ்டன் பிடிச்சிரும். பிறகு இது வண்டி இல்ல, பழைய இரும்பு. கழட்டுங்க.”

“மாட்டேன்.”

“அப்போ தள்ளிட்டுப் போங்க. நாளைக்கு வரவேண்டாம்.”

திட்டவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். ஸ்பேனரைத் துடைக்கப் போய்விட்டாள்.

லிங்கத்துரை ஹேண்டில்பாரைப் பிடித்தார். பிறகு உட்கார்ந்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றினார்.

வெளியே ஆடிக்காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. மூடி கையில் வந்ததும் காற்று நின்றது. பனை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து தெருவுக்குப் போய்விட்டது.

ஸ்பாஞ்சு பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது. வண்டியைக் காலையிலிருந்து ஸ்டார்ட் பண்ணவே இல்லை.

“கழுவி இதையேதான் மாட்டுவேன்” என்றார்.

“கழுவுங்க. அதுக்கு முன்னாடி?”

தெரிந்த பாடம்தான். திறந்த வாய்க்குள் தூசி போகக் கூடாது. ஒரு துணியைச் சுருட்டி, கார்புரேட்டருக்குக் காற்று போகும் ரப்பர் குழாயின் வாயில் அடைத்தார். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஸ்பாஞ்சை முக்கினார்.

மண்ணெண்ணெய் சிவந்தது. கொட்டிவிட்டு வேறு ஊற்றினார். அதுவும் சிவந்தது. அடுத்ததும் சிவந்தது. உள்ளங்கை அகலமுள்ள ஸ்பாஞ்சுக்குள் ஒரு தேரியே இருந்தது.

“முறுக்காதீங்க. அமுக்கிப் பிழிங்க.”

“முறுக்கல மேஸ்திரி.”

சொல்லி முடிக்கவில்லை. பின்னால் ஒரு சத்தம். திரும்பினார்.

குழாய் வாயில் இருந்த துணி உள்ளே குழிந்தது. வெளியே புடைத்தது. மறுபடி குழிந்தது.

லிங்கத்துரையின் கை கிண்ணத்துக்குள்ளேயே நின்றது.

“மேஸ்திரி.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“அன்னைக்கு அவனை நடுவீட்டுல கிடத்தி, மூக்குல பஞ்சு வெச்சாங்க. அந்தப் பஞ்சையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு தடவை அசைஞ்சாப் போதும்னு. தூக்குற வரைக்கும் பாத்தேன்.”

“அசைஞ்சுதா?”

“இல்ல.”

“இது அசையுது. எடுக்கவா, இருக்கட்டுமா?”

துணி குழிந்தது. இந்தத் தடவை வெளியே புடைக்கவில்லை. உள்ளே, இன்னும் உள்ளே போனது.

லிங்கத்துரை பாய்ந்தார். துணியைப் பிடுங்கி எறிந்தார். கையோடு ஒரு பிடி சிவப்பு மணல் வந்து மடியில் கொட்டியது. குழாய்க்குள்ளிருந்து நீளமாக ஒரு மூச்சு. பிறகு ஒன்றுமில்லை.

திரும்பி ஸ்பாஞ்சை எடுத்தார். விரலுக்கிடையில் நனைந்த ரொட்டி மாதிரி பிய்ந்து கிண்ணத்தில் விழுந்தது. கூட்டி அள்ளப் பார்த்தார். அள்ள அள்ளக் கரைந்தது.

பாக்கியத்தாய் புது ஸ்பாஞ்சை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் கையை மடக்கவும் இல்லை.

வாங்கினார். எண்ணெயில் தோய்த்தார். அமுக்கிப் பிழிந்தார். விளிம்பில் கிரீஸ் தடவினார். பொருத்தி மூடினார். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார்.

ஒரே உதை. வண்டி பிடித்துக்கொண்டது. கரும்புகை இல்லை. சுயம்பு ஓட்டிய காலத்துச் சத்தம்.

நிறுத்தினார். குனிந்து காதை வைத்தார்.

ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் அழுத்தி வைத்தார்.

“போயிட்டான்” என்றார். “கழட்டச் சொன்னீங்க. கழட்டுனேன். போயிட்டான்.”

“அண்ணாச்சி.”

“என்ன?”

“நீங்க இப்போ மூச்சு விடுதீங்கள்லா? உங்க காதுக்குக் கேக்குதா?”

லிங்கத்துரை எரிச்சலோடு பார்த்தார். ஆனாலும் கேட்டுப் பார்த்தார்.

“இல்ல.”

“எப்போ கேக்கும்?”

“மூச்சு முட்டும்போது” என்றவர் கையால் வாயை மூடினார்.

வெளியே காற்று மறுபடி எழுந்தது. கிண்ணத்தில் பழைய ஸ்பாஞ்சின் தூள் சிவப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது. லிங்கத்துரை அதன் முன்னால் மெதுவாக மண்டியிட்டார்.

“எனக்குத் தெரியாமப் போச்சேலே” என்றார்.