குழாய்க்குள் மறியல்

தோற்றுப்போன சங்கங்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. ஜெயித்துவிட்டு மண் தின்ற சங்கம் எங்களுடையது ஒன்றுதான். அப்போது நான்தான் செயலாளர்.

எங்கள் பட்டறையில் வார்த்த இரும்பைச் சுத்தம் செய்ய, நாசில் என்கிற கூம்புக் குழாய் வழியாகக் காற்றோடு மணலைப் பீய்ச்சுவார்கள். அந்தத் தூசி நேரே நாங்கள் சாப்பிடும் கொட்டகைக்கு வந்து சோற்றில் விழும். அதை நிரூபித்துக் காட்டினால், நடுவே சுவர் எழுப்ப உத்தரவு போடுவதாகத் தொழிலாளர் அதிகாரி சொன்னார்.

"கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் போட்டுக் காட்டிடலாங்க," என்றாள் பூங்கொடி. எங்கள் பொருளாளர் செங்கோடனின் அண்ணன் மகள், எஞ்சினியர்.

"கம்ப்யூட்டர் கூடாதும்மா. எதிர்த்துத் தீர்மானம் போட்டிருக்கோம்," என்றேன்.

"எப்பங்க?"

"நீ பொறக்கறதுக்கு முந்தி. இன்னும் வாபஸ் வாங்கலை."

"அது பெருசா ஒண்ணும் பண்ணாதுங்க. ஒவ்வொரு துகளும் காத்துல எங்க போகுதுன்னு கூடவே போய்ப் பாக்கும். அவ்வளவுதான்."

"போறதுக்கு எங்ககிட்டயே ஆள் இருக்கு."

ஆட்களை வைத்தே நடித்துக் காட்டுவதென்று முடிவாயிற்று. பட்டறை வாசல் குழாய் ஆயிற்று. நாங்கள் துகள்கள். அதிகாரி கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாசலைத் தாண்டி அவரிடம் போய்ச் சேர்ந்தால் சுவர் எங்களுக்கு.

"காத்து யாரோடது?" என்று கேட்டார் செங்கோடன்.

"காத்தடிக்கிற கம்ப்ரசர் முதலாளியோடதுங்க சித்தப்பா."

"அப்ப முதலாளி தள்ளி நாம போறதா?"

"துகளுக்குச் சொந்த இஷ்டம் கிடையாதுங்க."

"இஷ்டமில்லாம கெடக்கறதுக்கா சங்கம் வெச்சோம்?"

அவ்வளவு நியாயமான கேள்வியை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. கண் கலங்கிக் கைதட்டினேன்.

கடைசியில் கேண்டீன் ராமாத்தாள் காற்றாக வந்து எங்களை முதுகில் கை வைத்துத் தள்ளினாள். வாசல் வரைக்கும் ஒழுங்காகத்தான் போனோம். ஆனால் வாசலைக் கண்டால் எங்களுக்கு வேறெதுவும் தோன்றாது. மறித்து உட்கார்ந்துவிட்டோம்.

"எந்திரிச்சு அந்தப் பக்கம் போங்கய்யா," என்றாள் ராமாத்தாள்.

"காற்று ஒழிக," என்றேன்.

டீ ஆறும்வரை காத்திருந்தார் அதிகாரி. ஒரு துகளும் வரவில்லை. 'குழாயில் கிளம்பும் தூசி பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறது. சுவர் தேவையில்லை' என்று எழுதி நீட்டினார். மறியல் வென்ற பூரிப்பில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் சோற்றில் மண். கொட்டகையிலேயே அவசரக் கூட்டம்.

"நாம யாரும் வாசலைத் தாண்டலை. தூசி மட்டும் எப்படித் தாண்டுச்சு?" என்றேன்.

"கருங்காலி," என்றார் செங்கோடன்.

"சங்கத்தை விட்டு நீக்கிடுவோம்."

"உறுப்பினரா இல்லாததை எப்படி நீக்கறது?"

விதி விதிதான். முதலில் தூசியை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டோம். பிறகு நீக்கல் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டேன். "ஆதரிக்கறவங்க உக்காந்திருங்க. எதிர்க்கறவங்க எந்திரிக்கலாம்."

நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரம் பார்த்துக் கம்ப்ரசர் ஓடியது. தூசி மொத்தமாக எழுந்தது. எண்ணிப் பார்த்தால் எழுந்தவர்கள்தான் அதிகம்.

பெரும்பான்மைக்குக் கட்டுப்படத் தெரியாதவன் நான் என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். அடுத்த தேர்தலில் என் பதவியும் அதே பெரும்பான்மைக்குப் போயிற்று. ஆனால் ஒன்று, புதிய செயலாளர் ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை.