மகுடப் பெட்டியைத் திறக்க மூன்று வழிகள்

இந்தக் கதையில் வருகிற யாரையும் லேசில் நம்பிவிடாதீர்கள். நான் நம்பவில்லை. வலிய வந்து உதவுகிறவர்களைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்; இதில் அப்படி இரண்டு பேர் வருகிறார்கள். ஊர் நிஜம், ஆட்களும் அவர்கள் பட்ட பாடும் என் கற்பனை.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் நூறு வருடமாக ஒரே அரச குடையின் கீழ் இருந்தாலும் தனித்தனி ராஜ்யங்கள், ஆளுக்கொரு பாராளுமன்றம். 1707-இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஜனங்களுக்கு வயிறு எரிந்தது. ‘நாட்டை விற்றுவிட்டான்கள்’ என்று வீதியெல்லாம் பேச்சு. கைவசம் மிஞ்சியது பழைய மகுடம் ஒன்றுதான். அது ஸ்காட்லாந்தை விட்டுப் போகக்கூடாது என்று இணைப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி, எடின்பரோ கோட்டையில் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

பெட்டிக்குக் காவல் மர்டோ. “இந்தப் பாராளுமன்றம் உத்தரவு போடாமல் பெட்டியைத் திறக்க மாட்டேன்” என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். வாங்கிய கையோடு பாராளுமன்றம் கலைந்தும் போயிற்று. கூத்தைப் பாருங்கள்! உத்தரவு போட இனி ஆளே இல்லை. இத்தனை பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்தும் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

மர்டோவின் மச்சினன் காவின் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன். ஒருநாள் கோட்டையிலிருந்து துணி போட்டு மூடிய சாமான் ஒன்றைத் துறைமுகத்துக்கு ஏற்றிப் போனான். மகுடத்தைத்தான் லண்டனுக்குக் கடத்திவிட்டான் என்று மறுநாள் காலையில் ஊரே திரண்டுவிட்டது. அதிகாரி வீட்டுச் சமையல் பாத்திரம் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை யார் கேட்டார்கள்? கழுத்தில் கயிற்றை மாட்டிக் கோட்டை வாசலுக்கே இழுத்து வந்தார்கள்.

“மகுடத்தைக் கண்ணுல காட்டு மர்டோ. இல்லேன்னா உன் மச்சினன் இங்கேயே தொங்குவான்!”

மகுடம் உள்ளேதான் இருக்கிறது என்று மர்டோவுக்குத் தெரியும். திறந்தால் காவின் பிழைப்பான். ஆனால் சத்தியம் என்ன ஆவது?

முதலில் வந்தவர் லண்டன் அதிகாரி பெம்பர்டன். “எதுக்குப்பா கவலை? உங்க பாராளுமன்றம் எங்கேயும் போகலை, எங்களோட கலந்திருக்கு. அதோட அதிகாரம் இப்போ எங்ககிட்ட. நான் உத்தரவு போடறேன், திற.”

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவருக்குப் பின்னால் மெத்தையாக வைக்கோல் பரப்பிய காலி வண்டி ஒன்று நின்றது. அடிபடாமல் எதைக் கொண்டுபோக அது? மர்டோவுக்குச் சுருக்கென்றது.

அடுத்து வக்கீல் ஸ்ட்ராகன், இணைப்பை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்தியவர். “அந்த ஆளு உத்தரவை ஏத்துக்காதே மர்டோ. உன்கிட்ட சத்தியம் வாங்கினவங்களே இல்லை, அப்புறம் சத்தியம் மட்டும் எங்கே இருக்கும்? அதுவும் செத்துப்போச்சு. யாரையும் கேக்காம திற.”

இதுவும் சரிதானே? ஆனால் கடலுக்கு அப்பால் காத்திருக்கும் வேறொரு அரச வாரிசுக்கு இவர் கையாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கூட வந்தவர்களின் போர்வைக்குள் வாள்பிடிகள் புடைத்துக்கொண்டிருந்தன.

மூன்றாவதாக மர்டோவின் மனைவி எல்ஸ்பெத், அழுது வீங்கிய முகத்தோடு ஓடி வந்தாள். “எனக்குச் சட்டமெல்லாம் தெரியாதுங்க. நீங்க செஞ்ச சத்தியம் சத்தியம்தான், நான் இல்லேங்கலை. ஆனா அதை மீறுங்க. பாவம் வந்தா ரெண்டு பேருமா சுமப்போம். என் தம்பி சாகக்கூடாது.”

கயிற்றின் மறுநுனியை வாசல் விட்டத்தின் மேல் வீசிவிட்டார்கள். மர்டோ கூட்டத்தில் சிலரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனான். மூவரும் கூடவே போனார்கள். அவன் பூட்டில் சாவியை நுழைத்தான்.

மூவருமே திற என்றுதான் சொன்னார்கள். காவினும் பிழைக்க வேண்டும், மகுடமும் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்றால், மர்டோ யார் சொன்ன நியாயத்தைச் சொல்லித் திறப்பது சரி?

யோசித்தீர்களா? பெம்பர்டன் சொன்னதை ஏற்றால், இன்று திற என்றவர் நாளை எடுத்து வா என்பார். தடுக்க வாய் இருக்காது. ஸ்ட்ராகன் சொன்னதை ஏற்றால் சத்தியமே கிடையாது, வாள் வைத்திருக்கிறவன் தூக்கிக்கொண்டு போகலாம். எல்ஸ்பெத் ஒருத்திதான் சத்தியத்தை உயிரோடு விட்டுவைத்தாள். மீறியவன் குற்றவாளி ஆவான், சத்தியம் அப்படியே நின்று மகுடத்தைக் காக்கும்.

“எனக்கு யாரும் உத்தரவு போடலை. சத்தியமும் சாகலை. மீறுறது நான், தப்பு என்னோடது” என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு மர்டோ திறந்தான். மகுடம் இருந்தது. பார்த்தவர்கள் வெளியே ஓடிப்போய்ச் சொல்ல, காவினின் கயிற்றை அவிழ்த்தார்கள். மர்டோ திரும்பப் பூட்டினான். பக்கத்திலிருந்த காவலனை அதே சத்தியத்தைச் செய்யவைத்துச் சாவியைக் கொடுத்தான். பிறகு பெம்பர்டன் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினான்.

“என்னைச் சிறையில போடுங்க ஐயா.”

பெம்பர்டன் சிரித்தார். “எதுக்கு? அந்தச் சத்தியத்தைக் கேக்கத்தான் இப்போ யாருமே இல்லையே!”

“அப்போ சித்த முன்னாடி யார் பேர்ல என்னைத் திறக்கச் சொன்னீங்க?”

சுற்றி நின்றவர்கள் பெம்பர்டனையே பார்த்தார்கள். அவர் வெளியே போய்க் காலி வண்டியைத் திருப்பச் சொன்னார்.