வாயிற்காவலன் காரியின் குறை

முன்னொரு காலத்தில், ஏதோ ஒரு நாட்டில், ஒரு விடியலில் அரசரின் பள்ளியறை வாசலில் நின்றவர்கள்: தூக்கம் கெட்ட அரசர், பிரதானி மதிவாணர், விகடகவி சேந்தன், வாயிற்காவலன் காரி.

விடிந்ததும் "வாயில் நலம்" என்று காவலன் சொல்வது அந்த அரண்மனை வழக்கம்.

"வாயில் நலம் அரசே. என் இடுப்புதான் நலமில்லை. ஈட்டி கனம். காத்தும் வர்றதில்லை," என்றான் காரி. பன்னிரண்டு ஆண்டுகளாக இதே பாட்டு.

"ஒரு மண்டலத்துக்குள், நாற்பத்தெட்டே நாளில், இந்த வாசலில் குறை சொல்லாத குரல் எனக்குக் கேட்க வேண்டும்," என்றார் அரசர்.

மதிவாணருக்குச் சேந்தனைக் கண்டாலே ஆகாது. "மகிழ்விப்பது சேந்தனின் தொழிலாயிற்றே, அரசே. தவறினால் ஒரு மாதம் சிறையில் இருக்கட்டும்."

"தவறாவிட்டால் அந்த ஒரு மாதம் பிரதானியாருக்கு," என்றான் சேந்தன். அரசர் தலையசைத்தார்.

சேந்தன் லேசான ஈட்டி கொடுத்தான். நான்கு நாள் அமைதி. ஐந்தாம் நாள், "இதைப் புடிச்சா காவலன்னு எவன் மதிப்பான்?" என்றான் காரி. சேந்தன் அவனை நந்தவனக் காவலுக்கு மாற்றினான். ஒரு வாரம் கழித்து, "ஒரே காத்து. தும்மல் நிக்கலை." மடைப்பள்ளிக்கு அனுப்பினான். அங்கே குழம்பு வாசனையில் பசி செத்துப்போனதாம்.

மதிவாணர் சிறையில் ஒழுகுகிற அறையாகப் பார்த்துச் சேந்தனுக்கு ஒதுக்கிவைத்தார். அதைப் பார்க்கப் போன சேந்தன், சீட்டியடித்துக்கொண்டிருந்த சிறைக்காவலன் பூதனைக் கண்டான்.

"இங்க எத்தனை வருஷமாப்பா?"

"இருபதுங்க."

"அலுக்கலையா?"

"எதுக்குங்க அலுக்கணும்? எலிகூடப் பழகிடுச்சு."

கடைசி நாள் விடிந்தது. "வாயில் நலம் அரசே. ரொம்ப நலம்," என்றது ஒரு குரல். கதவைத் திறந்தால் பூதன்.

"இது மோசடி. காரியின் குறை தீரவில்லை," என்றார் மதிவாணர்.

"காரியைத் திருத்தும்படி அரசர் ஆணையிடவில்லை. வாசலில் குறை சொல்லாத குரலைக் கேட்டார், வைத்துவிட்டேன்," என்றான் சேந்தன். "வேலையை மாற்றினால் நாலு நாள் இனிக்கிறது. பிறகு அவரவர் பழைய சுருதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். பிரதானியார் வெறும் ஓலை எழுதுபவராக இருந்தபோதும் முனகினார். இத்தனை பதவி ஏறியும் முனகல் இறங்கவில்லையே."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்து, விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிச் சேந்தனிடம் கொடுத்தார்.

"அதுசரி, காரி எங்கே?"

"பூதன் இருந்த இடத்தில், அரசே."

அன்று மாலை மதிவாணர் சிறைக்குள் நுழைந்தார்.

"உங்களுக்கென்ன ஐயா, உள்ளே உக்காந்துக்கலாம். நான்ல நிக்கணும்," என்ற காரி, கதவைச் சாத்திப் பூட்டினான்.